மும்பைல இருந்து கென்யா: நாலு பேர், ஆறு லட்சம், கட்டுப்படியாகுமா?

செம்பூர்_வித்யா

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப நானே கேக்க வேண்டியதாயிடுச்சு. அடுத்த வருஷம் கென்யா போகலாம்னு வீட்ல ஒரு பேச்சு ஓடுது. நானும் வீட்டுக்காரரும், பையன் (10 வயசு), மாமியார் (66). பையனுக்கு சிங்கம் பாக்கணும், மாமியாருக்கு யானைக்கூட்டம், வீட்டுக்காரருக்கு அந்த மைக்ரேஷன், அதான் ஆயிரக்கணக்குல மாடு மாதிரி ஒண்ணு ஆத்துல குதிச்சு தாண்டுமே அது. எனக்கு பேங்க் பேலன்ஸ் மைனஸ் ஆகாம வீடு திரும்பணும், அவ்ளோதான்.

மொத்தம் ஆறு லட்சத்துக்குள்ள முடிக்கணும், ஷாப்பிங் தனி. மும்பைல இருந்து நைரோபிக்கு டைரக்ட் ஃப்ளைட் இருக்கு, ஆனா வளைகுடா வழியா மாறிப்போனா ஆளுக்கு ஆறாயிரம் ஏழாயிரம் கம்மியா காட்டுது, நடுவுல ஒன்பது மணி நேரம் ஏர்போர்ட்ல உக்காரணும். தினமும் ஆபீஸ் போற லோக்கல்ல நின்னுக்கிட்டே ரேட் பாத்து பாத்து கண்ணு பூத்துப்போச்சு, ஒரு நாள் ஏறுது ஒரு நாள் இறங்குது, செவ்வாய்க்கிழமை ராத்திரி புக் பண்ணா சீப்னு ஒருத்தர் சொல்றார், ஃபோன்ல பாக்காதே லேப்டாப்ல பாருன்னு இன்னொருத்தர்.

காட்கோபர்ல ஒரு ஏஜென்ட்கிட்ட கேட்டோம். மாரா, நக்குரு, அம்போசெலின்னு மூணு மிருகப் பார்க், அப்புறம் சான்சிபார் பீச், எல்லாம் சேத்து ஒன்பது ராத்திரின்னு ஒரு பிளான் குடுத்தார், பட்ஜெட்ட தாண்டி எங்கயோ போயிடுச்சு. ஸ்கூல் லீவு தீபாவளி, கிறிஸ்மஸ், இல்லன்னா மே மாசம். எதுல போறது, எத வெட்டறது, எந்த ஃப்ளைட் எடுக்கறது? போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நைரோபி_ரிட்டர்ன்

வித்யா மேடம், நான் வேலை விஷயமா அங்க கொஞ்ச வருஷம் இருந்தவன், இப்ப தானேல. நேரா விஷயத்துக்கு வரேன், நீங்க ஃப்ளைட் டிக்கெட்ல மிச்சம் புடிக்கப் பாக்கறீங்க, அது யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு பேரம் பேசற கதை. கென்யால காசு போற இடம் டிக்கெட் இல்ல, பார்க் என்ட்ரி ஃபீஸ். அதுவும் எந்த மாசம் போறோம்கறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

மாசாய் மாரா ரிசர்வ்ல வெளிநாட்டு ஆளுக்கு ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் ஒரு நாளைக்கு 100 டாலர். ஜூலை ஒண்ணாம் தேதில இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் 200 டாலர். ஆமா, டபுள். 9 வயசுல இருந்து 17 வரைக்கும் பசங்களுக்கு 50, அதுக்கு கீழ இருந்தா ஃப்ரீ. உங்க கணக்க போடுங்க, மூணு பெரியவங்க, ரெண்டு நாள் பார்க்குக்குள்ள, தீபாவளியோ கிறிஸ்மஸோ போனா பெரியவங்களுக்கு 1,200, பையனுக்கு 100, ஆக 1,300 டாலர். அதே ஜூன்ல போனா 700. வித்தியாசம் 600 டாலர், டாலர் 90 ரூபான்னு வச்சாக்கூட 54,000 ரூபா, கேட்டத் தாண்டி உள்ள போறதுக்கு மட்டும். நீங்க ஃப்ளைட்ல ஒன்பது மணி நேரம் பெஞ்ச தேச்சு மிச்சம் புடிக்கறது நாலு பேருக்கும் சேத்து 28,000 கூட வராது, அதுலயும் மாமியாரோட அந்த ஏர்போர்ட்ல சாப்பாடு, காபி, தண்ணி பாட்டில்னு பாதி போயிடும். டைரக்ட்ல ஆறு மணி நேரம், படுத்து எழுந்தா நைரோபி. பெரியவங்க கூட வர்றப்போ யோசிக்கவே வேண்டாம், டைரக்ட் எடுங்க.

இப்ப எந்த மாசம்? அங்க பெரிய மழை மார்ச்ல இருந்து மே வரைக்கும். மே மாசம் போனீங்கன்னா ஃபீஸ் கம்மிதான், ஆனா மாரா உள்ள ரோடெல்லாம் களிமண், வண்டி சிக்கிக்கிட்டா இறங்கித் தள்ளணும், நீங்க பாக்க வந்த சிங்கம் உங்களப் பாத்துட்டு இருக்கும். ஜூன் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் பாருங்க. மழை ஓய ஆரம்பிச்சிருக்கும், ஃபீஸ் இன்னும் 100தான், மும்பைல நிறைய ஸ்கூல் ஜூன் நடுவுலதான் திறக்கும். உங்க பையன் ஸ்கூல் எப்ப திறக்குதுன்னு பாத்துக்கோங்க. ஜூன்ல புல்லு இடுப்பு உசரம் நிக்கும், சிறுத்தை கண்ணுல படறது கொஞ்சம் கஷ்டம், அத ஒத்துக்கறேன். ஆனா சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருஷம் பூரா அங்கயே இருக்கறதுதான்.

ஏஜென்ட் சொன்ன லிஸ்ட்ல சான்சிபார முதல்ல வெட்டுங்க. அது டான்சானியா, வேற நாடு, வேற விசா, நமக்கு 50 டாலர், அதுக்கு மேல சான்சிபார்காரங்க தனியா ஒரு இன்சூரன்ஸ் கட்டாயம் ஆக்கிட்டாங்க, பெரியவங்களுக்கு 44 டாலர். அப்புறம் போக வர ஃப்ளைட். பீச்சுக்கு கோவா போதும் மேடம்.

இன்னொண்ணு, இ-டிஏ. 2024 ஜனவரில இருந்து கென்யாக்கு விசா கிடையாது, அதுக்குப் பதிலா ஆன்லைன்ல ட்ராவல் ஆதரைசேஷன், ஆளுக்கு 30 டாலர் ப்ளஸ் கொஞ்சம் சார்ஜ், குழந்தைக்கும் வேணும். கூகுள்ல தேடினா மேல வர்றதெல்லாம் புரோக்கர் சைட், மூணு மடங்கு கேப்பான். அட்ரஸ் கோ டாட் கேஈ-ன்னு முடியுதான்னு பாத்துட்டு காசு கட்டுங்க.

மாட்டுங்கா_மாமா

நைரோபி தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா முக்கியமான ஒண்ணை விட்டுட்டார். மஞ்சள் காய்ச்சல் ஊசி! அம்மா வித்யா, டிக்கெட்டுக்கு முன்னாடி இதைப் பாரு.

இந்தியாலேர்ந்து நேரா போறவாளை கென்யாக்காரன் இதைக் கேக்கறதில்லை. திரும்பி வரச்சே நம்ம மும்பை சஹார் ஏர்போர்ட்ல நம்மாளுதான் கேப்பான். நம்ம ஊர்ல அந்த வியாதி இல்லை, ஆனா அதைப் பரப்பற கொசு இங்க தெருவுக்குத் தெரு இருக்கு, ஒருத்தர் கொண்டு வந்தாலே போதும். அதனால இந்த விஷயத்துல கவர்மென்ட் ரொம்ப கறார். சர்டிபிகேட் இல்லேன்னா ஆறு நாள் வரைக்கும் க்வாரன்டைன்ல வெப்பா. கெஞ்சினாலும் நடக்காது.

ஊசி போட்ட பத்து நாளைக்கு அப்புறம்தான் சர்டிபிகேட், அதான் அந்த மஞ்சப் புஸ்தகம், செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓடாதே. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும், 2016 ஜூலைலேர்ந்து அப்படி ஆக்கிட்டா, பழைய பத்து வருஷக் கணக்கு இப்ப கிடையாது. எல்லா ஆஸ்பத்திரிலயும் போட மாட்டா, கவர்மென்ட் அங்கீகாரம் குடுத்த சென்டர்லதான், மும்பைல ஏர்போர்ட் ஹெல்த், போர்ட் ஹெல்த் ரெண்டும் உண்டு. முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் வாங்கிண்டு, ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கையில எடுத்துண்டு போ, நம்பரை அந்தப் புஸ்தகத்துல எழுதுவா.

உன் மாமியாருக்கு 66ன்னு எழுதியிருக்கே, அங்கதான் யோசனை. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கப் பண்ணித் தயார் பண்ற ஊசி. 60 தாண்டினவாளுக்கு முதல் தடவை போடறச்சே பக்கவிளைவு வர்ற அபாயம் கொஞ்சம் ஜாஸ்தி, ரொம்ப அபூர்வம்தான், இருந்தாலும் வரும். மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மருந்து சாப்பிடறாளா, முட்டை ஒத்துக்காதா, இதெல்லாம் குடும்ப டாக்டர்கிட்ட சொல்லிக் கேளு. அவர் வேண்டாம்னு சொன்னா, அதை எழுதி வாங்கிண்டு அந்த சென்டர்லயே விலக்கு சர்டிபிகேட் பத்தி விசாரி. இது முடிவாகற வரைக்கும் ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் ஒண்ணும் வாங்காதே. நாலு பேருக்குப் போட்டுட்டு மூணு பேர் போற மாதிரி ஆயிடப் போறது.

மலேரியா மாத்திரையும் அதே டாக்டர்கிட்ட கேட்டுடு. நைரோபி ஊருக்குள்ள பயம் ரொம்ப கம்மி, மாரா பக்கம் உண்டு.

டோம்பிவிலி_எக்ஸ்பிரஸ்

ஜூன்ல போனா மைக்ரேஷன் கிடையாது, அத யாரும் வாயத் தொறந்து சொல்லலயே? வைல்டுபீஸ்ட் கூட்டம் டான்சானியா பக்கம் செரங்கெட்டில இருந்து மாராக்கு வர்றது பொதுவா ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும். வித்யா அக்கா வீட்டுக்காரர் அதுக்குத்தான் கேக்கறார், ஜூன்ல கூட்டிட்டுப் போயி புல்லக் காட்டினா அவர் என்ன சொல்வார்?

ஆனா நான் அவர் பக்கம் இல்ல. ஆத்துல குதிக்கறத பாக்கணும்னா ஆகஸ்ட்ல போயி ஆத்தங்கரைல வண்டிய நிறுத்திட்டு மணிக்கணக்கா வெயிட் பண்ணணும். அதுங்க கிட்ட வரும், தண்ணிய மோந்து பாக்கும், திரும்பிப் போயிடும். உங்க வண்டி பக்கத்துல இன்னும் நாப்பது வண்டி நிக்கும். 10 வயசுப் பையனும் 66 வயசு பாட்டியும் அதுக்கு உக்காருவாங்களா? பாத்ரூம் எங்க போவாங்க? அதுக்கு டபுள் ஃபீஸ் வேற. விட்டுடுங்க.

நான் சொல்ல வந்தது வேற. ஏஜென்ட்லாம் மாரா, நக்குரு, அம்போசெலின்னு பார்க் பார்க்கா அடுக்குவான், ஒவ்வொண்ணுக்கும் டாலர்ல தனி ஃபீஸ், நடுவுல ஒரு முழு நாள் வண்டிலயே போயிடும். மூணு பார்க்ல போயி அதே வரிக்குதிரையப் பாக்கறதுக்கு, ஒரு பார்க்க நல்லா பாத்துட்டு மீதி நாள நைவாஷால போடுங்க. நைரோபில இருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான், மாரா போற வழில இருந்து பெருசா விலகாது. அங்க ஏரில போட் எடுத்தா நீர்யானை மூக்க மட்டும் வெளில நீட்டிட்டு கிடக்கும், மீன்கொத்திக் கழுகு தலைக்கு மேல கத்தும். படகுக்காரன் முதல்ல சொல்ற ரேட்டு சும்மா, பேசுங்க.

பையனுக்குன்னு ஒண்ணு சொல்றேன், ஹெல்ஸ் கேட். நைவாஷா பக்கத்துலயே இருக்கற நேஷனல் பார்க், கென்யால நீங்க வண்டிய விட்டு இறங்கி சைக்கிள்ல சுத்த விடற வெகு சில பார்க்ல ஒண்ணு. கேட்கிட்டயே சைக்கிள் வாடகைக்கு கிடைக்கும், பிரேக் புடிக்குதான்னு மட்டும் நீங்களே ஓட்டிப் பாத்துக்கோங்க, கியரு இருக்கும் ஆனா மாறாது. ரெண்டு பக்கமும் செவப்பு பாறை, நடுவுல மண் ரோடு, அதுல நீங்க சைக்கிள் மிதிச்சிட்டுப் போறப்போ ஒரு வரிக்குதிரைக் கூட்டம் அப்படியே குறுக்கால கிராஸ் பண்ணும், காட்டுப்பன்னி வால ஆன்டெனா மாதிரி தூக்கிட்டு ஓடும். ஜீப்ல உக்காந்து ஜன்னல் வழியா பாக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபீஸும் மாராவ விட ரொம்பக் கம்மி. அங்க ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, மழை மேகம் இருந்தா அதுக்குள்ள மட்டும் இறங்காதீங்க, திடீர்னு வெள்ளம் வந்து 2019ல ஆளுங்க செத்திருக்காங்க. பாட்டிக்கு சைக்கிள் வேண்டாம், வண்டிலயும் உள்ள போலாம்.

நைரோபி ஊருக்குள்ளயே ஒரு நேஷனல் பார்க் இருக்கு, 1946ல ஆரம்பிச்சது, சிங்கத்துக்குப் பின்னாடி மாடிக் கட்டிடம் தெரியும். வந்து இறங்கின மறுநாள் காலைல அரை நாள் போதும். யானைக்கு ஷெல்ட்ரிக் டிரஸ்ட், அம்மா இல்லாத யானைக்குட்டிய வளக்கற இடம், தினமும் 11 மணில இருந்து 12 வரைக்கும் மட்டும் உள்ள விடுவாங்க, முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணணும், போயி கேட்ல நின்னா கிடைக்காது. பெரிய பாட்டில்ல பால் குடிச்சிட்டு சேத்துல உருளும், உங்க மாமியார் அங்கயே குடியிருக்கேன்னு சொல்லப் போறாங்க பாருங்க.

கென்யா வைல்ட்லைஃப் சர்வீஸ் நடத்தற பார்க்குங்களுக்கு காசு கவுன்டர்ல வாங்க மாட்டாங்க, கென்யா கவர்மென்ட்டோட இ-சிட்டிசன் சைட்ல கட்டணும். ரேட்ட அப்பப்ப ஏத்தறாங்க, பழைய பிளாக்ல இருக்கறத நம்பாம அங்கயே பாத்து பட்ஜெட் போடுங்க. மாரா மட்டும் நரோக் கவுன்டி (அங்க மாவட்டம் மாதிரி) கையில, அது தனி.

முலுண்ட்_மீனா

எல்லாரும் தனியா போங்கன்னே சொல்றீங்க, நான் க்ரூப் டூர்ல போனவ. சாப்பாட்டு விஷயத்துல க்ரூப் டூர அடிச்சுக்க முடியாதுப்பா, கூடவே சமையலுக்கு ஒரு மகாராஜ், காட்டுக்கு நடுவுல சூடா கிச்சடி கடி போட்டார். ஆனா பேம்ப்லெட்ல பார்க் ஃபீஸ் உட்பட்டதுன்னு இல்ல, பொடி எழுத்துல "என்ட்ரி அட் ஆக்சுவல்ஸ்"னு போட்டு வச்சிருந்தாங்க, கிளம்பறதுக்கு பத்து நாள் முன்னாடி ஃபோன் பண்ணி டாலர் கட்டுங்கன்னாங்க. யாருன்னு பேர் சொல்ல விரும்பல. யார்கிட்ட போனாலும் பார்க் ஃபீஸ் சேத்தியா, எத்தனை நாளுக்கு, எந்த கேட் வழியா, டிரைவர் சாப்பாடு யார் கணக்குன்னு வாட்ஸ்ஆப்ல எழுதி வாங்கிடுங்க வித்யா.

தனியா போனாலும் வெஜிடேரியனுக்கு பயம் இல்ல. நூறு வருஷத்துக்கு மேல நம்மாளுங்க அங்க இருக்காங்க, ரயில் ரோடு போட வெள்ளைக்காரன் கூட்டிட்டுப் போன காலத்துல இருந்து. சப்பாத்திக்கு அங்கயும் சப்பாத்திதான் பேரு. நைரோபில பார்க்லண்ட்ஸ் பக்கம் டயமண்ட் பிளாசான்னு ஒரு இடம், போனா காட்கோபர் வந்துட்டோமான்னு இருக்கும். லாட்ஜ்ல பீன்ஸ், கீரை, உருளைக்கிழங்கு கிடைக்கும், உப்பு காரம்தான் இருக்காது. பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு எடுத்துக்கோங்க.

ஆனா எதுல எடுத்துட்டுப் போறீங்க? அதான் விஷயம். கென்யால பிளாஸ்டிக் கேரி பேக் 2017ல இருந்து தடை, ஃபைன் சும்மா இல்ல, பயங்கரமா போடுவாங்க. நம்ம பழக்கம் இருக்கே, செருப்புக்கு ஒரு கவர், ஊறுகாய்க்கு மூணு கவர், அழுக்குத் துணிக்கு ஒரு டி-மார்ட் கவர். எல்லாத்தையும் துணிப்பைக்கு மாத்துங்க, பொடிய எவர்சில்வர் டப்பால போட்டு டேப் ஒட்டுங்க. தொக்கு செக்-இன் பெட்டில. பார்க்குக்குள்ள யூஸ் அண்ட் த்ரோ தண்ணி பாட்டிலும் கூடாது, ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் வச்சுக்கோங்க.

டாலர் நோட்டு மாத்தறப்போ பழசு வாங்காதீங்க, பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின நோட்டு, கிழிஞ்சது, பேனா கிறுக்கினது எதையும் அங்க தொட மாட்டான்.

செம்பூர்_வித்யா

அய்யோ எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஏஜென்ட் ஒரு மணி நேரம் பேசினதுல இதுல பாதி வரல. வீட்ல உக்காந்து பேசினோம். ஸ்கூல் ஜூன் 15 பக்கம் திறக்குது, அதனால ஜூன் முதல் வாரம்னு முடிவு. டைரக்ட் ஃப்ளைட். வீட்டுக்காரர் மைக்ரேஷன் இல்லன்னு மூஞ்சத் தூக்கி வச்சுட்டு இருந்தார், 54,000ன்னு கணக்கக் காட்டினதும் "சரி சரி, அத டிவில பாத்துக்கலாம்"னுட்டார். மாட்டுங்கா மாமா, மாமியாருக்கு வர்ற சனிக்கிழமை டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு, அவங்க பிரஷர் மாத்திரை மட்டும்தான் சாப்பிடறாங்க, இருந்தாலும் கேட்டுட்டுதான் டிக்கெட்.

நைரோபி அண்ணா, ஒரு சந்தேகம். நைரோபில ஒரு கம்பெனி மூணு நாள் ரெண்டு ராத்திரி மாராக்கு கொட்டேஷன் குடுத்திருக்காங்க, தங்கறது பார்க்குக்கு வெளில. உள்ள தங்கினா நல்லதுன்னு சிலர் சொல்றாங்க, விலை ரெண்டு மடங்கு. அப்புறம் வேன், லேண்ட் க்ரூசர் ரெண்டு ரேட் போட்டிருக்காங்க. எது?

நைரோபி_ரிட்டர்ன்

வெளிலயே தங்குங்க. செக்கெனானி கேட் பக்கம் நிறைய டென்ட் கேம்ப் இருக்கு, டென்ட்னா நம்ம கல்யாணப் பந்தல் இல்ல, உள்ள கட்டில், பாத்ரூம், சுடுதண்ணி எல்லாம் இருக்கும், ஜெனரேட்டர் ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல ஓடாது, ஃபோன் சார்ஜ சாயங்காலமே போட்டுடுங்க.

ஆனா டிக்கெட்ட எண்ணிக்கோங்க. முன்னாடி மாதிரி 24 மணி நேரம் கிடையாது, இப்ப ஒரு டிக்கெட் காலைல ஆறுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான். முதல் நாள் நைரோபில இருந்து கிளம்பி அஞ்சாறு மணி நேரம் வண்டி ஓட்டி மூணு மணிக்கு போய்ச் சேருவீங்க, உடனே "ஈவினிங் கேம் டிரைவ்"னு மிருகம் பாக்க கூட்டிட்டுப் போவாங்க, மூணு மணி நேரத்துக்கு ஒரு நாள் ஃபீஸ் முழுசா போயிடும். மறுநாள் ஒண்ணு, மூணாம் நாள் காலைல ரெண்டு மணி நேரம் சுத்தறதுக்கு இன்னொண்ணு, ஆக மூணு. நான் மேல போட்ட கணக்கு ரெண்டுக்குத்தான். முதல் நாள் சாயங்காலம் உள்ள போகாதீங்க, கேம்ப்ல காலை நீட்டி உக்காருங்க, இல்ல பக்கத்துல மாசாய் கிராமம் போங்க (தலைக்கு எவ்ளோன்னு போறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, உள்ள போனப்புறம் பாசிமணி விக்க ஆரம்பிச்சா நீங்க வெளில வர முடியாது). ரெண்டாம் நாள் விடிகாலைல ஆறுக்கே கேட்ல நில்லுங்க, மதியச் சாப்பாட்ட கட்டித் தரச் சொல்லி எடுத்துட்டு சாயங்காலம் வரைக்கும் உள்ளயே இருங்க. மூணாம் நாள் மறுபடி ஆறு மணிக்கு உள்ள, பத்து பத்தரைக்கு வெளில வந்து நைவாஷா ரோட்டப் புடிங்க. இத டிரைவர்கிட்ட இல்ல, கம்பெனிகிட்ட இப்பவே சொல்லி பிளான்ல எழுத வைங்க.

வண்டி லேண்ட் க்ரூசர். ஜூலைக்கு அப்புறம்னா வேனே போதும்னு சொல்லியிருப்பேன், ஜூன் ஆரம்பத்துல சேறு இன்னும் காஞ்சிருக்காது. கேட் வரைக்கும் தார் ரோடு, உள்ள போனா வண்டி குலுங்கும், டிரைவர் "ஆப்பிரிக்கன் மசாஜ் ஃப்ரீ"ன்னு ஜோக் அடிப்பான், எல்லா டிரைவரும் அடிப்பான், சிரிச்சுடுங்க. மாமியார பின் சீட்ல போடாதீங்க, நடு வரிசை, கழுத்துக்கு ஒரு சின்ன தலகாணி. நாலு பேரே ஒரு வண்டி எடுத்தா காசு கொஞ்சம் கையக் கடிக்கும், ஆனா நீங்க நில்லுங்கன்னா நிப்பான், பாட்டிக்கு பாத்ரூம் வேணும்னா திரும்புவான். பலூன் சவாரி வேணுமான்னு கேட்டா வேண்டாம்னுடுங்க, ஆளுக்கு 400 டாலருக்கு மேல.

ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, நாலு பேருக்கும். நைரோபியே 1,700 மீட்டருக்கு மேல இருக்கற ஊரு, ஜூன்ல ராத்திரி பன்னெண்டு பதிமூணு டிகிரிக்கு இறங்கும். மும்பைல அத வாங்க கடைக்குப் போனா மழைக்கோட்டுதான் தொங்கிட்டு இருக்கும், அதனால இப்பவே, குளிர்காலம் முடியறதுக்குள்ள வாங்கி வச்சுடுங்க.